கூரைக்குள் எழுதியிருந்தது

அக்டோபர் 4, வெள்ளி

முதல் வெள்ளி. காலைப் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கினேன். வரும் வழியில் அரைக் கிலோ கத்திரிக்காய், கறிவேப்பிலை.

பார்சல் வந்துவிட்டது. சென்னையில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது விற்ற பழைய பொம்மை ரயில் வேகன்கள். எல்லாம் ஒரே அச்சு. சாம்பல் நிறம், நாலு சக்கரம், கூரை போட்ட சரக்கு வேகன். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். சீமையில் ஓடுகிற மாதிரி. நம் ஊர்த் தண்டவாளம் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் இரண்டை வெட்டி ஒன்றாக ஒட்டி, பக்கவாட்டில் பட்டைகள் வைத்து, கதவை மாற்றி, எட்டுச் சக்கரம் கோத்தால் நம் ஊர் நீள மூடு வேகன் ஆகிவிடும். இவர், என் வீட்டுக்காரர், முப்பத்தாறு வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்த்தது அதைத்தான். ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒன்று செய்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். இப்போது அது முப்பதாவது வேகனில் வந்து நிற்கிறது.

பெங்களூரில் மாதிரி ரயில் செய்கிறவர்களின் சங்கம் நவம்பரிலிருந்து பொங்கல்வரை கண்காட்சி வைக்கிறது. ஆறு நீள வேகன் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அட்டையில் பெயர் போடுவார்களாம். திருமதி பெர்னதெத் இன்னாசிமுத்து, பொன்மலை. என் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அதிலும் ஒரு எழுத்துப் பிழை.

வேகன் நோட்டில் ஏற்றினேன். வரவு 12. கோணல் 1. நல்லது 11.

"வெந்நீர்ல போட்டு நிமித்துடி" என்றார் இவர். நிமிரும். முழுசாக வைத்துப் பார்த்தால் கோணல் தெரியாது. ஆனால் வெட்டி இன்னொன்றோடு ஒட்டினால் இணைப்பில் முறுக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஒரு வேகன் குறைகிறது. ஐந்துதான் முடியும் என்று பெங்களூருக்கு எழுத மனம் வரவில்லை.

அக்டோபர் 9, புதன்

கார்டு சார் வந்தார். எங்கள் பங்குக் கோவிலில் கிளாரன்ஸ் என்று அவர் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், எல்லோருக்கும் கார்டு சார். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறார்.

கையில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் பழைய டவலில் சுற்றிய ஒரு பொம்மை வேகன். அதே அச்சு, அதே சாம்பல்.

"அட, எங்க பார்சல்ல வந்ததும் இதுதான் சார்" என்றேன்.

"அப்படியா? இது எங்கிட்ட பத்து வயசுலேர்ந்து இருக்கு மிஸஸ் இன்னாசி. கொக்கி உடைஞ்சு போச்சு. எஞ்சின்ல மாட்டணும். டிசம்பர்க்குள்ள குடுத்தா போதும்."

"எஞ்சின் எங்க சார்?"

"வரும்" என்றார். காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

டப்பாவை மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தேன். நல்ல நேரான வேகன். ஒரு பக்கம்கூட வளையவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

வேகன்களைப் பிரித்துக் கழுவினேன். கூரை தனி, உடம்பு தனி, சக்கரம் தனி. எல்லாவற்றையும் ஒரே பேசினில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்தேன். ஒரு கூரையின் உட்புறம் ஏதோ குழந்தை பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தது. நன்றாக அழுத்திய கிறுக்கல். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை. பாத்திரம் தேய்க்கிற தூளைப் போட்டு மூன்று தடவை தேய்த்ததும் போனது.

பன்னிரண்டையும் துண்டில் பரப்பிக் காயவைத்தேன்.

"உன் வேகனெல்லாம் லக்ஸ் சோப்பு வாசனை அடிக்குது" என்றார் இவர். "எங்க வேகன் பக்கத்துல போனா யூரியாவும் எலியும் நாறும். அத எப்படிச் செய்வே?"

சாயங்காலம் சாம்பார் தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

வெட்டினேன். பன்னிரண்டும். செபமாலை சொல்லவில்லை, அசதி.

அக்டோபர் 27, ஞாயிறு

மூன்று வேகன் முடிந்தன. ரம்பத்தின் தடிமனுக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும். ரவிக்கைக்குத் தையல் மிச்சம் விடுகிற கணக்குத்தான், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தயிர் டப்பாவின் மேல்தாளில் பின்பக்கமாகக் காம்பஸ் முனையால் குத்தினால் முன்பக்கம் ஆணித்தலை மாதிரி எழும்பும். இவர் கை நடுங்குகிறது, ஒரு திருகாணியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆனால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆணிகளை எண்ணினார். "கதவுக்குப் பக்கத்துல ரெண்டு கம்மி" என்றார். வைத்தேன். செங்காவி அடித்ததும் எழுந்து நின்று பார்த்தார்.

கார்டு சார் வேகனுக்குக் கொக்கி மாட்டி, டவலில் சுற்றி, டப்பாவை மூடிவிட்டேன்.

வெந்நீரில் போட்ட கோணல் வேகன் நன்றாக நிமிர்ந்தது.

பூசையில் நற்கருணைக்குப் போகவில்லை. இருமல்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மாமனார் மாமியார் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். கார்டு சார் அவர் மனைவியின் கல்லறை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தப்பித்துப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"மிஸஸ் இன்னாசி, என் அண்ணன் வர்றான். நெவில். பெர்த்துலேர்ந்து. அறுபது வருஷம் கழிச்சு."

"நல்லது சார்."

"எங்க மாமா ஆஸ்திரேலியா போகும்போது ஒரு பையனத்தான் கூட்டிட்டுப் போக முடியும்னார். அவனுக்குப் பன்னெண்டு, எனக்குப் பத்து. அவன் போனான். இருந்த ஒரு பொம்மை ரயில்ல எஞ்சின் அவனுக்கு, வேகன் எனக்கு. போற அன்னிக்கு அந்த வேகன் கூரைக்குள்ள அவன் எனக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தான். அப்புறம் லெட்டர்ல அப்படி ஒண்ணும் எழுதலைன்னான். அதுல பேச்சு நின்னு இருபது வருஷம். வரட்டும். ரெண்டு பேரும் சேந்து கூரையத் தொறக்கறோம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ கூரையத் தொறக்கலையே?"

"இல்ல சார். கொக்கி மட்டுந்தான்."

கல்லறைகள் நடுவில் நின்று சொன்னேன்.

நவம்பர் 3, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நல்ல வேகன் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதை மாதா படத்துக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து நான்தான் எடுத்தேன். கை தவறி வரவில்லை, கலந்தும் போகவில்லை. எழுந்து, ஸ்டூல் போட்டு, எடுத்தேன். ஒரே அச்சுதானே, கோணலை நிமிர்த்தி அவருக்கு வைத்துவிட்டால் வேகனுக்கு வேகன் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவருக்கு நஷ்டமில்லை என்றுகூட நினைத்தேன். அட்டையில் ஆறுக்குப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் தூள் போட்டுத் தேய்த்தது அவர் கூரைக்குள் இருந்த அந்தக் கிறுக்கலைத்தான்.

நவம்பர் 8, வெள்ளி

ஆறு வேகனும் பெங்களூருக்குப் போய்விட்டன. அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவர் வேகன் எதில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கார்டு சார் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மூன்று தெரு தாண்டும்வரை அதே நினைப்பு.

அவர் பரணிலிருந்து இரண்டாவது கட்டிலை இறக்கி, தலையணை உறைக்கு நீலம் போட்டு உலர்த்தியிருந்தார். எழுபது வயதில் ஏணியில் ஏறி அண்ணனின் அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறார். காது மடலில் சுண்ணாம்பு.

வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சார், பழைய பென்சில் எழுத்து, ஈரம் பட்டா மங்கிடும். என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா பாத்து வெச்சுப்பேன்."

சந்தேகப்படவில்லை. "இங்கிலீஷ்ல ஒரே வரி. நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவேன். கீழ அவன் பேருக்கு ஒரு 'என்'. அவ்வளவுதான். அந்த வரிய நம்பித்தான் நான் பதினெட்டு வயசு வரைக்கும் வேலைக்கு மனு போடல."

"திறந்து பாத்ததே இல்லையா சார்?"

"எதுக்கு? எனக்கு மனப்பாடம்."

வாசலில் ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்து அனுப்பினார்.

நவம்பர் 13, புதன்

இடது கையால் எழுதிப் பழகினேன். நாலாவது தடவையில் பன்னிரண்டு வயதுப் பையன் எழுத்து வந்தது. வேகன் எண்களை ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதிப் பழகிய கை, சொன்னதைக் கேட்கிறது. டப்பாவில் இருந்த கோணல் வேகனின் கூரைக்குள் எழுதி, விரலால் லேசாகத் தேய்த்து, அடுப்புக்கரி தூவி ஊதிப் பழையதாக்கினேன்.

நன்றாக வந்திருக்கிறது. அதை எழுதவே கூசுகிறது.

நவம்பர் 14, வியாழன்

டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கொடுத்த முறுக்கை நான் தொடவில்லை. இவர் சாப்பிட்டார்.

நவம்பர் 20, புதன்

பெங்களூரிலிருந்து போனில் படம் வந்தது. ஆறு வேகன் வரிசையாக, பக்கத்தில் அட்டை. பெயர் பிழையில்லாமல் இருக்கிறது. மகள் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் அனுப்பும்மா" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பீடத்தில் ஊதாத் துணி.

பூசை முடிந்து நடக்கும்போது இவர் கேட்டார். "நற்கருணை வாங்கப் போறதில்லையே நீ?"

"இருமல்."

"அஞ்சு வாரமாவா? ராத்திரி ஒரு தடவைகூட இருமலையே."

பால் பாக்கெட் வாங்க வேண்டும் என்று கடைக்குள் போய்விட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கிறிஸ்துமஸ் கூட்டம், வெளியே நீள வரிசை. உள்ளே சாமியார் களைத்துப் போயிருந்தார்.

"ஒருத்தரோட வேகன எடுத்துட்டேன் சாமி" என்றேன்.

"எத எடுத்தீங்க?"

"வேகன்."

"ரயில்வே வேகனா?"

"இல்ல சாமி. சின்னது. எடுத்து வெட்டி வேற வேகனாக்கிட்டேன்."

"பழைய இரும்புக்கா?" என்றார்.

பின்னால் நின்றவர் செருமினார். "பொய் சொன்னேன் சாமி. ரெண்டு மூணு தடவை" என்று முடித்துக்கொண்டேன். அவருக்கும் நிம்மதி. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். ஒன்றுமே இறங்கவில்லை. பாதிப் பாவத்தை மறைத்துவிட்டு வாங்கின மன்னிப்பு, முன்னைவிடக் கனமாக இருக்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்குக் கார்டு சார் வீட்டில் டீக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். வேகனைச் சரி செய்தவள் இல்லாமல் திறக்க மாட்டாராம். நெவில் உயரமாக, வெயிலில் சிவந்து, கையில் ஊன்றுகோலோடு இருந்தார். அறுபது வருடம் கழித்தும் தமிழ் இருக்கிறது, பொன்மலைத் தமிழ்.

"இன்னாசி, ஒர்க்‌ஷாப் சங்கு இன்னும் ஊதறானா?" என்று இவரிடம் கேட்டார்.

"ஊதறான் சார். உங்க தம்பிதான் அதுக்கும் எந்திரிக்க மாட்டார்."

சிரித்தார்கள். எஞ்சினை எடுத்து மேசையில் வைத்தார் நெவில். கறுப்பு, பெயின்ட் உதிர்ந்து, கட்டைவிரல் பிடித்த இடம் மட்டும் பளபளத்தது. கார்டு சார் வேகனை அதன் பின்னால் மாட்டினார். நான் வைத்த கொக்கி கச்சிதமாக விழுந்தது.

"இப்பத் தொறக்கறேன்" என்றார். நகத்தை விட்டுக் கூரையை எடுத்து, பார்க்காமலே அண்ணனிடம் நீட்டினார். "படி."

நெவில் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எழுதியிருக்கேன்" என்றார். "கிளாரி, நான் எழுதியிருக்கேன். எழுதலைன்னு சத்தியம் பண்ணினேனே. நிஜமா எனக்கு ஞாபகமே இல்லடா."

கார்டு சார் ஜெயித்தவர்போல் இல்லை. பயந்தவர்போல் இருந்தார்.

"எத்தனை வருஷம் காத்துட்டு இருந்தே?" என்றார் நெவில்.

"விடு மேன்."

"சொல்லு."

"எட்டு."

நெவில் நாற்காலியிலிருந்து இறங்கப் பார்த்தார். ஊன்றுகோல் விழுந்தது. முழங்கால் போட முயல்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. எழுபத்திரண்டு வயது மனிதர், தம்பி முன்னால், என் பென்சில் வரிக்காக.

"அது உங்க எழுத்து இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "நான் எழுதினேன். இடது கையால. இந்த வேகனும் உங்களுது இல்ல. உங்களுத வெட்டிட்டேன். பெங்களூர்ல இருக்கு. உள்ள இருந்தத நானே தேச்சு அழிச்சேன். சார் சொன்ன வரிய அப்புறமா எழுதி வெச்சேன்."

வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது.

முதலில் கேட்டது நெவில். "அப்ப, அதுல என்ன இருந்துச்சு?"

கார்டு சாரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. "நீ பாத்தியே. தேய்க்கறதுக்கு முன்னாடி பாத்தியே. என்ன எழுதியிருந்துது?"

அந்த நேரத்தில் நான் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். இருவருக்கும் சமாதானமாகிற மாதிரி ஒரு வரிகூட என் மனதில் வந்துவிட்டது. நான் அப்படிப்பட்டவள்.

"தெரியாதுங்க" என்றேன். "நான் படிக்கல."

"படிக்கலையா?"

"அழுக்குன்னு நெனச்சேன்."

கார்டு சார் கூரையை மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். "வீட்டுக்குப் போ மிஸஸ் இன்னாசி" என்றார். "இன்னாசி, கூட்டிட்டுப் போ."

தெருவில் இவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார். எங்கள் வாசல் வந்ததும் நின்றார்.

"நல்ல வேகன் பதினொண்ணுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"ஒண்ணொண்ணா எண்ணி நோட்டுல ஏத்தறவ, இதையும் நீயே எண்ணிடுவேன்னு இருந்தேன்." செருப்பைக் கழற்றினார். "நானுந்தான் தப்பு."

டிசம்பர் 21, சனி

மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொம்மை வேகன் என்று முதலிலேயே சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் சிரிக்கவில்லை.

பெங்களூருக்கும் எழுதிவிட்டேன், ஆறில் ஒன்று எனக்குச் சொந்தமில்லாத வேகனை வெட்டிச் செய்தது, அட்டையை எடுத்துவிடுங்கள் என்று.

டிசம்பர் 22, ஞாயிறு

நற்கருணை வாங்கினேன். இரண்டு வரிசை தள்ளிக் கார்டு சாரும் அவர் அண்ணனும். என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு, கல்கல் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் கார்டு சார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையில் பிஸ்கட் டப்பா.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு நாள் சண்டை போட்டோம்" என்றார். "அவன் எழுதலைங்கறான். நான் எழுதினான்ங்கறேன்."

"இப்ப சார்?"

"இப்பவும் அதேதான். ஆனா ஒரே டேபிள்ல உக்காந்து சண்டை. ரசம் வெக்கக் கத்துக் குடுன்னு கேக்கறான்." டப்பாவை நீட்டினார். "கூரைக்குள்ள நீ எழுதினத அழிச்சுக் குடு. எங்களால அதப் பாத்துட்டு இருக்க முடியல."

"நான் தொடலாமா சார்?"

"வேற யார்கிட்டக் குடுக்கறது? அழிக்கறது உனக்குத்தான் தெரியும்."

கை மாவைக் கழுவிவிட்டு, ஸ்பிரிட்டும் பஞ்சும் தேய்க்கிற தூளும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கே வந்து உட்கார்ந்தேன், அவர் கண் முன்னால். கூரையைத் திருப்பினேன். வெளிச்சத்தில் பிடித்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தேன். இன்னொரு தடவை, வாய்விட்டு. கார்டு சார் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தேய்த்தேன். மூன்று தடவையில் போனது.

உள்ளே வந்து வேகன் நோட்டை எடுத்து அக்டோபர்ப் பக்கத்தைத் திருத்தினேன். வரவு 12. கோணல் 1. நல்லது 11. வெட்டியது 12.